இது எந்த நாட்டுப் போன்?

(கரடியூரில் நடந்த ஊர்க் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் தம்பி தங்கைகள் போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தட்டுவதை நிறுத்துங்கள் என்று சொல்லப்போவதில்லை. இன்றைக்கு எல்லாருமே போனைக் கையில் எடுங்கள். செட்டிங்ஸைத் திறங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் சிஸ்டம், அதற்குள் லாங்குவேஜஸ். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஜெனரல், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். கம்பெனிக்குக் கம்பெனி இந்த வழி கொஞ்சம் மாறும். மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் ‘ரீஜன்’ என்று அடித்தாலும் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘இங்கிலீஷ், யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்று இருந்தால் கை தூக்குங்கள்.

இத்தனை கைகளா? சேர்வராயன் மலையில் இவ்வளவு அமெரிக்கர்கள் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது!

யாரும் வேண்டுமென்று அப்படி வைத்துக்கொண்டது இல்லை. கடையில் வாங்கினோம், கடைப் பையனே இரண்டு இடத்தில் தொட்டுத் தயார் செய்து கொடுத்தான், அப்படியே இருந்துவிட்டது. இதனால் போன் பேசாமல் போகாது. படம் ஓடாமலும் போகாது. பிறகு எதற்கு இதற்கு ஒரு சொற்பொழிவு என்று கேட்பீர்கள். ‘ரீஜன்’, தமிழில் ‘பகுதி’, என்ற ஒரே பெயரில் நம் போனுக்குள் நான்கு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று நம் கையில் இருக்கிறது. மற்ற மூன்றும் வேறு ஆட்கள் கையில். எது யார் கையில் என்று தெரியாமல் மாற்றுகிறவர்கள் பணத்தை முடக்கிக்கொள்கிறார்கள். தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் நம் வழக்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த நாட்டு வழக்கத்தில் கணக்குப் பார்க்கிறார்கள். இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலாவது, எழுதும் வழக்கம். தேதியை எப்படி எழுதுவது, எண்ணில் கமாவை எங்கே போடுவது, வெயிலைச் செல்சியஸில் சொல்வதா பாரன்ஹீட்டில் சொல்வதா, வாரம் எந்தக் கிழமையில் தொடங்கும், கிலோமீட்டரா மைலா என்பதெல்லாம் இதில் அடங்கும். நீங்கள் இப்போது திறந்து வைத்திருக்கும் பக்கம் இதைத்தான் ஆள்கிறது. இது முழுக்க நம் கையில் இருப்பது. பைசா செலவில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

தேதியை எடுத்துக்கொள்வோம். ஒரு பில்லில் 05/06/2025 என்று இருக்கிறது. நமக்கு அது ஜூன் 5. அமெரிக்க வழக்கத்தில் மே 6. தேதி 12-ஐத் தாண்டிவிட்டால் குழப்பமில்லை, பதின்மூன்றாம் மாதம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள் இந்தக் கண்ணியில் மாட்டும். பன்னிரண்டு பன்னிரண்டு 144. அதில் 1/1, 2/2 என்று எப்படிப் படித்தாலும் ஒன்றாக வருகிற 12 நாட்களைக் கழித்தால் 132. ஆக வருஷத்தில் 132 நாட்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். மருந்துப் பெட்டியில் காலாவதித் தேதி, ஆஸ்பத்திரியில் அடுத்த முறை வரச் சொன்ன தேதி, கூட்டுறவுக் கடனின் தவணைத் தேதி என்று எதிலும் இந்த இடறல் வரலாம். நம் போன் ஒரு வழக்கத்தில் எழுதி, எதிரில் இருப்பவர் வேறு வழக்கத்தில் படித்தால் பிழை யாருடையது என்று சண்டை போட்டுப் பயனில்லை.

அடுத்தது எண். இந்தியாவில் ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதுகிறோம். அமெரிக்க வழக்கத்தில் அது 100,000. பத்து லட்சத்தை அவர்கள் 1,000,000 என்று எழுதினால், நம் வீட்டுப் பெரியவர் சைபரை விரல் வைத்து எண்ண வேண்டியிருக்கிறது. ஜெர்மனிக்குப் போனால் கமாவும் புள்ளியும் இடம் மாறிக்கொள்ளும். அங்கே 1.250 கிலோ என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ. நமக்கோ அது ஒன்றேகால் கிலோ. இந்த மலையில் விளையும் காப்பி கப்பலேறிப் போகிற பொருள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பி பயிரிடச் செய்த காலத்திலிருந்து, வெளிநாட்டு அளவையும் வெளிநாட்டு விலையும் நம் தோட்டத்துக்குள் வந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இப்போது அவை போன் வழியாக வருகின்றன.

2025 பிப்ரவரியில் அராபிகா விலை நியூயார்க் சந்தையில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்தச் செய்தியைப் போனில் பார்த்துவிட்டு நம் மூட்டைக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். ஒரு பவுண்டு ஏறக்குறைய 454 கிராம். 50 கிலோ மூட்டையில் சுமார் 110 பவுண்டு. அதிலும் நியூயார்க்கில் விலை பேசுவது பச்சைக் கொட்டைக்கு. நாம் விற்கும், உள்தோல் நீக்காத பார்ச்மென்ட்டுக்கோ, காய்ந்த பழத்துக்கோ இல்லை. போனில் பகுதியை இந்தியா என்று மாற்றினால் கமா நம் வழிக்கு வரும். ஆனால் பவுண்டைக் கிலோவாக்கி, டாலரை ரூபாயாக்கி, பச்சைக் கொட்டையைப் பார்ச்மென்ட் ஆக்கித் தராது. எழுதும் முறையை மாற்றுவதுதான் அதன் வேலை, கணக்கு நம்முடையது. அந்த அளவோடு அதை நம்புங்கள்.

வாரத்தையும் சொல்லிவிடுகிறேன். உலகில் உள்ள மொழிகளின் இந்த வழக்கங்களையெல்லாம் யூனிகோடு சேர்த்தியம் என்ற அமைப்பு ஒரு பெரிய பொதுத் தரவுத் தொகுப்பாக வைத்திருக்கிறது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அதில் இந்தியாவுக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. இலங்கைக்குத் திங்கட்கிழமை. பல நாடுகளுக்குச் சனி, ஞாயிறு இரண்டும் வார விடுமுறை என்று இருக்க, இந்தியாவுக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை என்று குறித்திருக்கிறார்கள். எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள் இதில் தவறில்லை என்பீர்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

தமிழுக்கு மட்டும் அந்தத் தொகுப்பில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை, தமிழ் சிங்கப்பூர், தமிழ் மலேசியா. மொழி ஒன்றுதான், கணக்கு எழுதும் முறை வேறு. இந்தியத் தமிழில் லட்சத்துக்குக் கமா இரண்டு. சிங்கப்பூர், மலேசியத் தமிழில் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பார்கள். இலங்கைத் தமிழில் மாலை ஆறு மணி 18:00 என்று 24 மணிக் கணக்கில் வரும். மொழி வேறு, பகுதி வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆங்கிலத்தில் போனை வைத்துக்கொண்டே பகுதியை இந்தியா என்று வைக்கலாம். தமிழில் வைத்துக்கொண்டு பகுதியைச் சிங்கப்பூர் என்றும் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் 2023-ல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து வெப்ப அளவு, வாரத் தொடக்கம் போன்றவற்றைத் தனித்தனியாகவே தேர்ந்தெடுக்க ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஐபோனில் அதே பக்கத்தில் காலண்டர் என்று ஒன்று இருக்கும். அதில் கை பட்டுப் புத்த ஆண்டுக்கு மாறிவிட்டால் 2025 என்பது 2568 ஆகிவிடும். ஜப்பானிய ஆண்டுக்கு மாறினால் வெறும் 7 என்று காட்டும். போன் கெட்டுவிட்டது என்று சேலத்துக்கு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போக வேண்டாம். அதே இடத்தில் கிரிகோரியன் என்பதைத் தொட்டால் சரியாகிவிடும்.

இரண்டாவது, கடை. பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டிலும் நம் கணக்குக்கு ஒரு நாடு உண்டு. நான் மேலே சொன்ன பக்கத்தில் பகுதியை மாற்றினால் இந்த நாடு மாறாது. இதைத்தான் நிறையப் பேர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கடையின் நாடு கடைக்காரர் கையில் இருக்கிறது. மாற்ற அவர் நிபந்தனை வைத்திருக்கிறார்.

கூகுள், வருஷத்துக்கு ஒரு முறைதான் மாற்றவிடும். அதுவும் நீங்கள் அந்த நாட்டில் இருக்க வேண்டும், அந்த நாட்டுப் பணம் செலுத்தும் வழி ஒன்றை இணைக்க வேண்டும். பழைய நாட்டுக் கணக்கில் இருக்கும் பாக்கிப் பணம் புதிய நாட்டுக்குக் கூட வராது. ஆப்பிளிலோ, மீதி இருக்கும் பணத்தைச் செலவழித்து முடிக்க வேண்டும், மாதச் சந்தாக்களை நிறுத்த வேண்டும், அவற்றின் காலம் முடியும் வரை பொறுக்க வேண்டும். குடும்பத்தோடு ஒரே குழுவில் இருந்தால் அதிலும் சிக்கல் வரலாம்.

இங்கிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு யோசனை. அந்த நாட்டு வங்கிச் செயலி அந்த நாட்டுக் கடையில் மட்டுமே கிடைக்கும் நிலை அடிக்கடி வரும். அதற்காக விமானம் ஏறிய முதல் நாளே பழைய கணக்கின் நாட்டை மாற்றாதீர்கள். முதலில் ஊர்ப் பணிகளுக்கு என்னென்ன செயலி வேண்டும் என்று பாருங்கள். நம் யுபிஐ இந்திய எண்ணில் ஓடுவது. 2023 ஜனவரியில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், சிங்கப்பூர், அமீரகம், சவுதி உள்ளிட்ட 10 நாடுகளின் போன் எண்ணை வைத்தே வெளிநாடு வாழ் இந்தியர்களின் கணக்குகளுக்கு யுபிஐ தர வழி திறந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வும் நம் யுபிஐயும் இணைக்கப்பட்டன. இப்படிப்பட்ட வழிகளில் எது உங்கள் வங்கியில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு கை வையுங்கள். புதிய நாட்டுக்கென்று தனியாக ஒரு கணக்கைத் தொடங்கிக்கொள்வது பல பேருக்கு லேசான வழி.

இன்னொரு கூட்டம் நாட்டை மாற்றுவது வேறு காரணத்துக்காக. 2020 ஜூன் 29-ல் டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தது. செப்டம்பரில் பப்ஜி போனது. உடனே ஊருக்கு ஊர் பையன்கள் கடையின் நாட்டை மாற்றிப் பார்த்தார்கள். செயலி இறங்கினாலும், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியிலேயே தடுத்துவிட்டதால் ஓடவில்லை. வேற்று நாட்டுக் கடையில் மாட்டிக்கொண்டதால் நம் ஊர்ச் செயலிகளின் புதிய பதிப்பு வராமல் போனதுதான் மிச்சம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு விளையாட்டுக்காக வருஷம் முழுக்கப் பூட்டிக்கொள்வது லாபமா என்று யோசியுங்கள்.

மூன்றாவது, டவர். உங்கள் சிம் கார்டிலும் டவரிலும் நாட்டுக்கு ஒரு எண் உண்டு. இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413. சிங்கப்பூருக்கு 525. போன் எந்த நாட்டில் நிற்கிறது என்பதை இதை வைத்துத் தெரிந்துகொள்ளும். கடிகாரத்தைத் தானாகத் திருத்துவதும் பெரும்பாலும் டவர் சொல்லித்தான். தனுஷ்கோடிக் கரையில் நிற்பவர்கள் போனில் இலங்கை டவர் வந்து நிற்பது தெரிந்த கதை. இன்றைக்கு இரண்டு கரைக்கும் நேரம் ஒன்று என்பதால் கடிகாரம் தப்பித்துக்கொள்கிறது. 1996-ல் இலங்கை தன் நேரத்தை முன்னே தள்ளி வைத்து, 2006 ஏப்ரலில்தான் பழையபடி நம் நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து ஆண்டுகளில் பாக் நீரிணையின் இரு கரைக்கும் அரை மணி, ஒரு மணி வித்தியாசம் இருந்தது.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. நம் பாட்டன் காலத்தில் இந்த மலையடிவாரத்தில் ஓடிய ரயில் சென்னை நேரத்தில் ஓடியது. சென்னை வானாய்வகத்தின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. இந்தியா முழுக்க ரயில்கள் அந்த நேரத்தைத்தான் பின்பற்றின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி என்று இந்தியப் பொது நேரம் வந்தது. பம்பாயும் கல்கத்தாவும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தங்கள் நேரத்தை விடவில்லை. பிறகு 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. அடுத்து வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும் வந்தன. அன்றைக்கு ஒரு நாட்டின் பகுதி அமைப்பை மாற்ற அரசாணை வேண்டியிருந்தது, மக்கள் பழகப் பல ஆண்டு ஆனது. இருந்தும் இன்றுவரை நாம் நிலத்தை ஏக்கரிலும் சென்டிலும்தான் பேசுகிறோம். பட்டாவில் ஹெக்டேரில் இருக்கிறது. எந்த அமைப்பும் பழக்கத்தை ஒரேயடியாகத் துடைத்துவிடுவதில்லை.

நான்காவது, பெட்டி. போன் எந்த நாட்டில் விற்பதற்காகச் செய்யப்பட்டது என்பது அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இதை நாம் மாற்ற முடியாது. வளைகுடாவிலிருந்து மாமா வாங்கி வந்த ஐபோன் பல வீட்டில் உண்டு. அமீரகத்தில் வாங்கிய போனில் ஃபேஸ்டைம் இல்லாமல் இருக்கலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. பகுதியை இந்தியா என்று எத்தனை முறை மாற்றினாலும் அது வந்துவிடாது. ஜப்பானில் விற்கும் போன்களில் படம் எடுக்கும்போது வரும் ‘கிளிக்’ சத்தத்தை அணைக்க முடியாதபடி வைத்திருந்தார்கள். சாம்சங் 2013-லிருந்து சில போன்களில், வாங்கிய நாட்டு வட்டாரத்து சிம்மைப் போட்டு முதலில் ஐந்து நிமிடம் பேசினால்தான் வெளிநாட்டு சிம் ஏற்கும் என்று வைத்தது. பெட்டியின் மேலேயே ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. நம் நாட்டுக்கென்றும் விதி உண்டு. 2016-ல் வந்த விதிப்படி இங்கே விற்கும் ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை அழுத்தினால் அவசர உதவிக்குப் போக வேண்டும். அதே ஆண்டு, இங்கே விற்கும் போன் இந்திய மொழிகளைக் காட்ட வேண்டும் என்றும் அரசாணை வந்தது. ஆகவே வெளிநாட்டுப் போன் வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்க்காமல், எந்த நாட்டு மாடல் என்றும் கேளுங்கள்.

இந்த நான்கையும் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. பகுதி என்பது கமா, புள்ளியோடு நிற்பதில்லை. இந்தியாவில் கூகுள் மேப்பைத் திறந்தால் காஷ்மீர் முழுவதும் இந்திய எல்லைக்குள் இருக்கும். வெளிநாட்டிலிருந்து திறந்தால் அதே எல்லை புள்ளிக்கோடாக, தகராறுள்ள இடம் என்று தெரியும். ஐபோனில் பகுதியைச் சீனா என்று வைத்தால் தைவான் கொடி எமோஜி மறைந்துவிடும். 2018-ல் பாட்ரிக் வார்டில் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு விநோதத்தைக் கண்டுபிடித்தார். சில ஐபோன்களில் தைவான் என்று ஆங்கிலத்தில் அடித்தாலோ, அந்தக் கொடி வந்தாலோ செயலி அப்படியே விழுந்தது. கொடியை மறைப்பதற்காக எழுதிய நிரல், பகுதி எதுவென்று சரியாகத் தெரியாத போனில் தடுமாறியதுதான் காரணம். பகுதியைச் சீனாவுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப அமெரிக்காவுக்கு மாற்றினால் தீர்ந்துவிடும் என்று அவர் சொன்னார். அந்த ஜூலையிலேயே ஆப்பிள் அதைத் திருத்தியது. நாம் ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போகும் அந்தப் பட்டியலில், எந்த நாட்டுக்கு எது தெரியலாம் எது தெரியக்கூடாது என்ற முடிவும் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் தமிழ், இந்தியா என்ற பகுதிக்கு என்ன எழுத வேண்டும் என்று முடிவெடுப்பது யார்? நான் சொன்ன யூனிகோடு தொகுப்பை எடுத்துப் பாருங்கள். அதில் நாளைப் பிரித்திருக்கிறார்கள். விடியற்காலம் 3 மணி முதல் 5 வரை அதிகாலை. 5 முதல் 12 வரை காலை. 12 முதல் 2 வரை மதியம், 4 வரை பிற்பகல், 6 வரை மாலை, 9 வரை அந்தி மாலை, பிறகு இரவு. ஆறு மணிக்கே பனி இறங்கி இருட்டிவிடும் இந்த மலையில் எட்டரை மணியை அந்தி மாலை என்று யார் சொல்வார்? சமவெளியிலும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, அதை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் செய்தது வேலை. நாம் அங்கே போகவே இல்லை. இந்தத் தரவுகளைத் திருத்த, புதிதாகத் தர, குறிப்பிட்ட காலங்களில் இணையத்தில் வாசல் திறக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் ஆட்கள் மட்டுமின்றி, விருப்பமுள்ள தன்னார்வலர்களும் கணக்குத் தொடங்கி வாக்களிக்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். மாலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று சொல்வதற்கு உங்களுக்குப் பட்டம் தேவையில்லை.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திறந்து வைத்திருக்கும் பக்கத்தில் பகுதியை இந்தியா என்று வையுங்கள். மொழி தமிழோ ஆங்கிலமோ, உங்கள் விருப்பம். கடையின் நாட்டை, தேவையும் அந்த ஊர்ப் பணம் செலுத்தும் வழியும் இரண்டும் இருந்தால் மட்டும் தொடுங்கள். நம்பர்களை +91 போட்டுச் சேமியுங்கள், வெளிநாட்டிலிருந்து அழைத்தாலும் தப்பாமல் போய்ச் சேரும். தேதியை யாருக்காவது எழுதி அனுப்பும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 5 ஜூன் என்று எழுதிவிட்டால் எந்த நாட்டுப் போனும் அதை மே என்று படிக்காது. எந்தப் பகுதியில் வைத்திருந்தாலும் 112-க்கு அழைப்பு போகும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பழைய நாளில் அளவை மாற்ற டெல்லி முடிவெடுத்தது, நாம் பழகிக்கொண்டோம். இப்போது நம் போனின் முதல் பகுதியை நாமே முடிவு செய்யலாம். அந்தப் பகுதிக்குள் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதிலும் நமக்கு வாக்கு உண்டு. வாக்கு இருந்தும் போடாதவர்கள் பிறகு குறை சொல்ல முடியாது. ஆகவே இன்றைக்குக் கூட்டம் கலைவதற்கு முன்பு பகுதியை மாற்றிவிடுங்கள். மாற்றத் தெரியாத பெரியவர்களுக்குக் கடைசி வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகள் எழுந்து வந்து மாற்றிக் கொடுங்கள்.